விமானத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது?

ஹனூரிலிருந்து மைசூர் சுமார் 85 கிலோமீட்டர். மைசூரை அடுத்த மண்டகள்ளியில் விமான நிலையம் இருக்கிறது.

அங்கிருந்து சென்னை விமான நிலையம் வான்வழியாகச் சுமார் 390 கிலோமீட்டர். சாலை வளைந்து போகிறது. அதனால் சாலைவழி தூரம் 480 கிலோமீட்டர் ஆகிறது.

சிறிய விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் பறக்கும். அப்படியானால் ஒரு மணிகூட ஆகாதே? ஆனால் தரையில் ஓடவும், மேலே ஏறவும், இறங்கவும் நேரம் வேண்டும். எனவே ஒன்றரை மணி நேரம் வரை ஆகும்.

விமானம் காலை 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்கே நிலையத்தில் இருக்க வேண்டும். ஹனூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர 3 மணி நேரம். ஆகவே காலை 5 மணிக்கே கிளம்ப வேண்டும். சென்னையில் இறங்கும்போது பதினொன்றரை. மொத்தம் ஆறரை மணி நேரம்!

டிக்கெட்டில் விமானம் புறப்படும் நேரம்தான் இருக்கும். வீட்டிலிருந்து புறப்படும் நேரத்தை நாம்தான் கணக்கிட வேண்டும். தாமதமானால் விமானம் காத்திருக்காது. டிக்கெட் பணமும் பெரும்பாலும் திரும்ப வராது.