பழைய சாஃப் கட்டரைச் சரிசெய்வது எப்படி?

மாட்டுக்குத் தீவனத்தை நறுக்கித்தான் போட வேண்டும் என்பது மாடு உள்ள வீட்டுப் பிள்ளைகள் யாவரும் அறிந்ததே. முழுசாகப் போட்டால் இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் போட்டு மிதிக்கும். எங்கள் திருமானூர், கொள்ளிடக் கரை ஊர். நெல்லும் கரும்பும் அதிகம். கரும்பு வெட்டும்போது தோகை, மற்ற நாளில் சோளத்தட்டை, இப்போது பல வீடுகளில் கோ-4 புல். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட இந்தப் புல், தண்டு முற்றிவிட்டால் அரிவாளால் நறுக்கி மாளாது. அதற்குத்தான் சாஃப் கட்டர். 'தட்டை வெட்டுற மிஷின்' என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் காட்டுவார்கள்.

புதுசு வாங்க வசதியில்லாதவர்கள் பழையதைத் தேடுகிறோம். பழைய இரும்புக் கடையில் எடைக்கு உடைக்க வைத்திருந்த ஒன்றை என் அப்பா வாங்கி வந்து, "டிப்ளமோ படிக்கிறல்ல, ஓட வை பாப்போம்" என்றார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான்தான். மறுக்க முடியுமா?

இந்த மிஷினின் அமைப்பு எளிது. ஒரு கனமான வார்ப்பிரும்புச் சக்கரம், அதன் ஆரக்காலில் இரண்டு பிளேடு. தீவனத்தை உள்ளே இழுக்க இரண்டு பல் ரோலர். ரோலரைச் சுற்ற கியர். ரோலர் தள்ளும் தட்டையை, வாயில் உள்ள இரும்புப் பட்டையின் மேல் வைத்துப் பிளேடு வெட்டுகிறது. மரக்கிளையைச் சில்லு சில்லாக வெட்டும் வுட் சிப்பரும் இதே வம்சம்தான். அதற்காகத் தென்னை மட்டையை இதில் கொடுத்துப் பார்க்காதீர்கள். பல் உடையும்.

வாங்கும் முன் சக்கரத்தைத் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பானை வாங்கும்போது தட்டுவோமே, அதே சோதனைதான். கணீரென்றால் நல்லது. 'சொத்' என்றால் எங்கோ விரிசல். விரிசல் உள்ள சக்கரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று பட்டறையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். வார்ப்பிரும்பு வெல்டிங் பிடித்தாலும் சுற்றுகிற சக்கரத்தில் அதை நம்ப முடியாது.

துருப்பிடித்த போல்ட்டுகளை ஓர் இரவு டீசலில் ஊறவிட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும். கியரைக் கழற்றும் முன் எந்தப் பல் எதோடு சேர்கிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளவும். தேய்ந்த புஷ்ஷை லேத்தில் புதிதாகக் கடைந்து போடலாம். இதெல்லாம் நம் ஒர்க்ஷாப் பாடம்தான்.

பிளேடு விஷயத்தில்தான் பொறுமை வேண்டும். சரிந்த பக்கத்தை மட்டுமே சாணை பிடிக்க வேண்டும். தட்டையான பக்கத்தைத் தொட்டால் வெட்டு கெட்டுவிடும். சாணையில் அழுத்திப் பிடித்து விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அடிக்கடி தண்ணீரில் நனைத்து நிதானமாகப் பிடிக்கவும். இரண்டு பிளேடும் ஒரே எடை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிஷின் குதிக்கும். பிறகு பிளேடுக்கும் வாய்ப் பட்டைக்கும் உள்ள இடைவெளியை, பின்னால் உள்ள திருகுகளால் அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒரு துண்டு நியூஸ் பேப்பரை வாயில் நீட்டினால் கிழியாமல் வெட்டுப்பட வேண்டும். (பேப்பரை இடுக்கியால் பிடிக்கவும்!)

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கிடைத்த மிஷினில் பெல்ட் மூடி இல்லை, பிளேடு மூடி இல்லை, ரிவர்ஸ் லீவர் இல்லை. பழைய மிஷின்கள் பலவும் இப்படித்தான் வருகின்றன. அவை இல்லாமலும் தட்டை வெட்டுப்படும் என்பதால் முதலில் காணாமல் போவதும் அவைதான். கூடவே, யாரோ வேகம் வேண்டும் என்று மோட்டாரில் 5 அங்குலப் புல்லி மாட்டியிருந்தார்கள். சக்கரத்துப் புல்லி 12 அங்குலம், மோட்டார் 1440 சுற்று. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 600 சுற்று. 3 அங்குலப் புல்லி போட்டால் 360. வேகம் இவ்வளவு குறைந்தால், சக்கரத்தைப் பிய்க்கப் பார்க்கும் மையவிலக்கு விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிறது.

இன்னொரு கணக்கு. ஒரு சுற்றுக்கு ரோலர் 4 சென்டிமீட்டர் இழுக்கிறது. 360 சுற்றில் விநாடிக்கு 24 சென்டிமீட்டர். நுனி விரலிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து பாருங்கள், 20-க்குள்தான் இருக்கும். ஆக, வேகத்தைக் குறைத்த பிறகும் ஒரு விநாடி கிடையாது. கத்துவதற்குள் முடிந்துவிடும். சுவிட்சை அணைத்தாலும் கனச் சக்கரம் உடனே நிற்காது. எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு வலது கையில் மூன்று விரல்தான். எங்கள் மிஷினில் தட்டை கொடுக்கப்போவது நானல்ல, என் அம்மா.

கதிரடிக்கும் இயந்திர விபத்துகளைத் தொடர்ந்து 1983-இலேயே அபாயகர இயந்திரங்கள் சட்டம் வந்தது. ஆனால் எடைக்கு வாங்கிய மிஷினைச் சட்டம் வந்து பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும். டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் தினேஷ் மோகன் குழுவினர் ஹரியானா கிராமங்களில் இந்த விபத்துகளை ஆராய்ந்து 1992-இல் எழுதினார்கள். கையால் சுற்றும் மிஷினில் விளையாடி விரல் இழந்த குழந்தைகள் பலர். அவர்கள் சொன்ன மாற்றங்கள் மலிவானவை: பிளேடுக்கு மூடி, சக்கரத்துக்குப் பூட்டு, இழுக்கும் ரோலருக்கு முன்னால் இன்னொரு உருளை. கை அதில் பட்டதுமே 'இதுக்கு மேல போகாதே' என்று தெரிந்துவிடும்.

நான் அதையே செய்தேன். தகரத்தில் மூடிகள், மரத்தில் உருளை, தட்டை கொடுக்கும் தொட்டியை அம்மாவின் கை நீளத்துக்கு மேல் நீட்டினேன். சுவிட்ச், நின்ற இடத்திலிருந்து எட்டும் தூரத்தில். எர்த் கட்டாயம். நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் போட்டால், போன கரண்ட் திரும்ப வரும்போது மிஷின் தானாக ஓடாது. ரிவர்ஸ் லீவரைப் பட்டறையில் அடித்து வாங்கினோம்.

"மூடிக்கு எதுக்குடா காசு?" என்று முதலில் முணுமுணுத்த அப்பா, கணக்கைச் சொன்னதும் தன் கையை ஜாணால் அளந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

மிஷின் இப்போது தினமும் ஓடுகிறது. ஒரு கியரில் இரண்டு பல் தேய்ந்து சத்தம் கொடுக்கிறது. மாடு மிரளுது என்கிறார் அம்மா. செமஸ்டர் லீவில் மாற்ற வேண்டும்.