ஆரம்பப் பள்ளியில் காவல் அதிகாரி

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரிலிருந்து தமிழ்நாட்டு எல்லையை நோக்கிக் கிழக்கே செல்லும் வழியில் இருப்பது நல்லேப்பிள்ளி. (ஆந்திரத்துச் சித்தூர் அன்று, இது பழைய கொச்சி இராஜ்யத்தைச் சேர்ந்த சித்தூர்.) நெல்வயல்களும் கள்ளிறக்கும் தென்னந்தோப்புகளும் நிறைந்த இவ்வட்டாரம் 1956 நவம்பர் 1ஆம் நாள் பிறந்த கேரள மாநிலத்துடன் சேர்ந்தது. ஆயினும் வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசி வளரும் குழந்தைகள் இங்கே இன்றும் பலர். இத்தகைய ஊரின் ஆரம்பப் பள்ளிக்கு ஒரு போலீஸ் அதிகாரி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதற்காக வருகிறார்? குழந்தைகளிடம் எந்த மொழியில் பேசுகிறார்? இவ்விரு வினாக்களும் எல்லைப்புறத்தாருக்கு மட்டும் உரியன அல்ல. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேயர்கள் அனைவருக்கும் உரியன.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். உண்ண மறுக்கும் குழந்தையிடம் "போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்" என்று சொல்லாத வீடு நம்மிடையே அரிது. சட்டமோ இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தை எதைச் செய்தாலும் அது குற்றமாகாது என்பது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த விதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதையிலும் அது அவ்வாறே இடம்பெற்றுள்ளது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருப்பவர்க்கு, தம் செயலின் தன்மையை உணரும் பக்குவம் வந்ததா என்று பார்க்க வேண்டும். குற்றம் சாட்டப்பெற்ற சிறாரைக்கூட லாக்கப்பில் அடைக்கலாகாது, விலங்கிடலாகாது என்று சிறார் நீதிச் சட்டமும் அதன் விதிகளும் தடுக்கின்றன. ஆகவே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகும் அதிகாரம் எந்தப் போலீஸ்காரருக்கும் கிடையாது.

எல்லா நாடுகளிலும் நிலைமை இதுவன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பள்ளியிலேயே போலீஸ் அதிகாரியை அமர்த்தும் வழக்கம் பல்லாண்டுகளாக உண்டு. 2019ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்து ஓர்லாண்டோ நகரில், பள்ளியில் அடம்பிடித்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அத்தகைய அதிகாரி கைது செய்து, கைகளைப் பிளாஸ்டிக் பட்டையால் பிணைத்துக் கொண்டு சென்றார். அவர் பின்னர் வேலையிழந்தார். மாநிலமும் 2021இல் கைதுக்குக் குறைந்தபட்ச வயது ஏழு என்று வரையறுத்தது. நம் நாட்டுச் சட்டத்தில் 1860லேயே இருந்த எண் அது! துப்பாக்கி ஏந்திய காவல் இருந்தால் ஆபத்து வாராது என்று எண்ணுவோர், டெக்சாஸ் மாநிலத்து யுவால்டி ஆரம்பப் பள்ளியில் 2022 மே 24 அன்று நடந்ததை நினைவுகூர வேண்டும். அங்கு 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். முந்நூற்றுக்கு மேற்பட்ட காவலர்கள் வந்திருந்தும், கொலையாளியின் அறைக்குள் நுழைந்து அவனை வீழ்த்த ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று.

இந்தியாவில் நாம் மேற்கொண்ட வழி வேறு. இங்கே காவல் அதிகாரி பள்ளியில் குடியிருப்பவர் அல்லர்; வந்து போகிறவர். கேரளத்தில் 2008இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டம் காவலர்களை வீடு வீடாகச் சென்று மக்களோடு பழக வைத்தது. 2010 ஆகஸ்டு 2 அன்று மாணவர் போலீஸ் கேடட் திட்டம் 127 பள்ளிகளில் தொடங்கிற்று. 2018இல் மத்திய அரசு அதை நாடெங்கும் விரித்தது. இது உயர்நிலை வகுப்பு மாணவர்க்கு உரியது. ஆரம்பப் பள்ளிச் சிறுவர்களுக்கு இதனால் நேரும் பயன், காக்கியுடை அணிந்து அணிவகுக்கும் அண்ணனையும் அக்காளையும் வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பதுதான். காக்கியைக் கண்டு ஓடாதிருக்கப் பழகுவதற்கு அதுவும் உதவுகிறது என்றே நாம் கருதுகிறோம்.

சிறு பிள்ளைகளிடம் காவல் அதிகாரி சொல்ல வேண்டியவை சிலவே. சாலையைக் கடப்பது எப்படி, தந்தையின் வண்டியில் பின்னால் அமர்ந்தாலும் நான்கு வயதுக்கு மேல் தலைக்கவசம் ஏன் வேண்டும், ஆழியாற்று அணை திறந்தால் சித்தூர்ப் புழையில் நீர் எவ்வளவு விரைவில் ஏறும் என்பன போன்றவை. இவற்றை ஆசிரியரும் சொல்லலாம். போலீஸ் அதிகாரி வந்து சொல்வதனால் மட்டுமே கூடுதலாக ஒன்று விளைகிறது. தனக்குத் தீங்கு நேர்ந்தால் இவரிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கையே அது.

எல்லைக்கு அப்பால் கோயம்புத்தூர் மாவட்டக் காவல்துறை 2022இல் 'பள்ளிக்கூடம்' என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பயிற்சி பெற்ற காவலர்கள் பள்ளிகளுக்குச் சென்று, தகாத தொடுகையை எவ்வாறு இனங்காண்பது, யாரிடம் சொல்வது என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தனர். போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார் என்று அச்சுறுத்தி வளர்த்த குழந்தை, உண்மையில் வாய் திறக்க வேண்டிய நாளில் திறக்குமா என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தை வாய் திறக்கிறது என்றே கொள்வோம். எந்த மொழியில் திறக்கிறது? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

நல்லேப்பிள்ளிக் குழந்தைக்கு மலையாளம் செவிக்குப் பழகியதுதான். ஆனால் தெற்கே தொலைவிலுள்ள மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிக்குக் கொங்குத் தமிழ் பழகியதன்று. இரண்டும் உடன்பிறந்த மொழிகள் என்பதே இங்கு இடர். 'தள்ளினான்' என்று தமிழ்க் குழந்தை மழலையில் சொல்வது, 'தல்லி' என்றால் 'அடித்தான்' என்று பொருள்கொள்ளும் மலையாளச் செவியில் வேறாக விழலாம். 'வெள்ளம்' மலையாளத்தில் குடிக்கும் நீர், தமிழில் பெருக்கு. 'சம்சாரம்' அங்கே பேச்சு, இங்கே மனைவி. முற்றிலும் தெரியாத மொழியென்றால் ஆள் தேடுவோம். பாதி தெரிந்த மொழியென்றால் புரிந்துவிட்டதாகவே எழுதிக்கொண்டு போவோம்.

வடக்கே சென்றால் சிக்கல் இன்னும் கூடும். பக்கத்து வீட்டுக்காரரையும் தந்தையின் நண்பரையும் 'மாமா' என்று அழைப்பது தமிழ்க் குழந்தையின் இயல்பு. இந்தியில் அச்சொல் தாயின் உடன்பிறந்தானையே குறிக்கும். "மாமா அடித்தார்" என்ற வாக்குமூலத்தை இந்தியில் அப்படியே பதிந்தால், குற்றமற்ற தாய்மாமன் ஒருவர் மீது பழி விழும். குற்றவாளி பக்கத்து வீட்டில் அமைதியாக உறங்குவான். வேன் ஓட்டும் 'அண்ணா' உடன்பிறந்த அண்ணனாகிவிடக் கூடும். அதிகாரி இந்தியில் 'கல்' என்று கேட்டால் அது நேற்றா, நாளையா என்று ஆறு வயதுக் குழந்தை திகைத்து நிற்கும். ஏனெனில் அவ்வொரு சொல்லே இரண்டையும் குறிப்பது. இவை இலக்கண வேடிக்கைகள் அல்ல. வாக்குமூலத்தில் உறவும் நாளும் மாறினால் வழக்கே மாறிவிடும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது போக்சோ சட்டம், இதை உணர்ந்தே இயற்றப்பட்டிருக்கிறது. குழந்தை தரும் தகவலை அதற்குப் புரியும் எளிய மொழியில் பதிய வேண்டும். பதிவு குழந்தைக்குத் தெரியாத மொழியில் நடந்து, அது விளங்காமற்போனால், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்தித் தர வேண்டும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி அதைப் பதிவு செய்ய வேண்டும். அவர் அப்போது சீருடை அணிந்திருக்கலாகாது. குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும். எக்காரணம் பற்றியும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் நிறுத்தி வைக்கலாகாது. பள்ளி வகுப்பில் காக்கியுடன் வந்து பேசும் அதிகாரி, குறை கேட்கும் வேளையில் காக்கியைக் களைந்து வருகிறார் என்பதைக் கவனியுங்கள்.

சிறார் நீதிச் சட்டம் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நல அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. அவர் உதவி சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு வர வேண்டியவர் அவரே. அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் பள்ளிச் சுவரில் எழுதப்பட்டுள்ளனவா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பதில் தவறில்லை. அவசரத்துக்கு 1098 என்னும் எண் உண்டு. குறையை எழுதித் தரும்போது மொழி பற்றித் தயங்க வேண்டுவதில்லை. நாட்டிலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எந்த அதிகாரிக்கும் முறையீடு செய்யலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது.

இனி மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்து வருவார் என்று கேட்பீர்கள். மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள் கூறுகின்றன. பட்டமோ தேர்வோ இன்றியும் அதில் பெயர் பதிய வழியுண்டு. அந்த மாநிலத்தின் ஆட்சிமொழியில் பழக்கம் வேண்டும். மற்றைய மொழி தாய்மொழியாகவோ ஆரம்பப் பள்ளி வரையிலேனும் பயின்ற மொழியாகவோ, தொழிலாலும் வசிப்பாலும் கற்றதாகவோ இருந்தால் போதும். சொல்வதில் ஒன்றைக் கூட்டாமலும் ஒன்றைக் குறைக்காமலும் பெயர்க்க வேண்டும். வழக்கில் தமக்குத் தொடர்பிருப்பின் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பணிக்கு ஊதியமும் உண்டு. இருபது ஆண்டு தில்லியிலோ நாகபுரியிலோ வாழ்ந்து, இந்தியோ மராத்தியோ சரளமாகப் பேசும் தமிழர் எத்தனையோ பேர் இத்தகுதி உடையவர்களே. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால், அப்பாதுகாப்பு அலகு இயங்கும் இடத்தையும் பதிவேட்டில் தமிழுக்கு எத்தனை பெயர்கள் உள்ளன என்பதையும் அறிந்துகொள்ளலாம்.