சிறைவாயிலுக்கு அப்பால்

குற்றம் செய்தவனைத் தண்டிப்பது அரசின் கடமை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். தண்டனைக் காலம் முடிந்தபின் அவன் எங்கே போகிறான், யார் வீட்டில் உண்கிறான், யார் அவனுக்கு வேலை கொடுக்கிறார்கள் என்று கேட்பவர் சிலரே. அவன் மீண்டும் குற்றம் புரிவானா, மாட்டானா என்பதோ பெரும்பாலும் இக்கேள்விகளின் விடையைப் பொறுத்தே அமைகிறது. இவ்வுண்மையை உணர்ந்து, ஊர்மக்களையே இப்பணியில் துணையாகச் சேர்த்துக்கொண்ட நாடு ஜப்பான். மாணவர்களாகிய நீங்கள் அவ்வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

ஜப்பானில் தென்ரியூ என்றோர் ஆறு உண்டு. கரை புரண்டு ஓடி ஊர்களை அழிப்பதில் அது பேர்போனது. அவ்வாற்றங்கரையில் 1832-ஆம் ஆண்டு பிறந்தவர் கின்பாரா மெய்சென் என்னும் செல்வர். வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டுவதில் தம் பொருளைச் செலவிட்டார். பின்னர், மேலே மலைச்சாரல்களில் மரங்களையும் நட்டு வளர்த்தார். கீழே நேரும் தீங்குக்கு மேலே மருந்து தேடிய அப்பெரியாரே கைதிகளின் நல்வாழ்விலும் கருத்தைச் செலுத்தினார்.

ஷிஸுவோகா நகரச் சிறையில் முரடன் ஒருவன் இருந்தான். சிறை அதிகாரி ஒருவர் பொறுமையோடு அறிவுரை கூறி அவன் மனத்தை மாற்றினார். இனித் தீமை செய்வதில்லை என உறுதி பூண்டு, பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அவன் ஊர் திரும்பினான். பெற்றோர் இறந்துவிட்டனர். மனைவி வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். உற்றாரும் இடம் கொடுக்க மறுத்தனர். பசியும் குளிரும் வாட்டின, திருடினால் பிழைக்கலாம், ஆனால் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு அவன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

இச்செய்தி மெய்செனின் நெஞ்சை உலுக்கியது. சிறை தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, திருந்தவேண்டியவனும் திருந்திவிட்டான், தலைசாய்க்க ஓர் இடந்தான் இல்லை. எனவே, 1888-ஆம் ஆண்டில் அவர் ஷிஸுவோகாவில், விடுதலை பெற்றோருக்குத் தங்குமிடமும் தொழிலும் தேடித் தரும் சங்கம் ஒன்றை நிறுவினார்.

அன்று அவர் நட்ட வித்து, 1950-ஆம் ஆண்டில் சட்டமாக முளைத்தது. அச்சட்டப்படி நியமனம் பெறும் ஊர்ப் பெரியோர்களுக்கு ‘ஹோகோஷி’ என்று பெயர். காப்பாளர் என நாம் பொருள் கொள்ளலாம். இன்று அத்தகையோர் ஏறத்தாழ 46,000 பேர் உள்ளனர். கடைக்காரர், உழவர், துறவியர், ஓய்வு பெற்ற ஆசிரியர் எனப் பலதிறத்தாரும் அவர்களுள் உண்டு. ஒருவருக்கும் ஊதியம் கிடையாது. அரசின் நன்னடத்தை அலுவலர்களோ சுமார் ஆயிரம் பேரே. சட்டத்தையும் உளவியலையும் கற்றவர் அலுவலர். தெருவையும் குடும்பத்தையும் அறிந்தவர் காப்பாளர். இவ்விருவர் கூட்டுறவில்தான் அந்த ஏற்பாடு நடைபெறுகிறது.

காப்பாளரின் பணி, கைதி வெளிவருமுன்னரே தொடங்கிவிடுகிறது. கைதி திரும்பி வரவிருக்கும் வீட்டிற்கு அவர் செல்கிறார். ஏற்றுக்கொள்ள வீட்டார் மனம் இசைகிறார்களா, பழைய தீய நட்பு அருகில் உள்ளதா என ஆராய்ந்து அலுவலருக்குத் தெரிவிக்கிறார். விடுதலைக்குப் பின் மாதம் இருமுறை அளவில் அவனைச் சந்தித்துப் பேசுகிறார். மாதந்தோறும் அறிக்கை அனுப்புகிறார். அறிந்த செய்திகளை வெளியிடாமல் காப்பது அவர் கடமை. முன்னாள் கைதிகளுக்கு வேலை தர முன்வரும் முதலாளிகளும் தனியே பதிவு செய்துகொண்டுள்ளனர். கண்காணிப்பில் இருப்போருள் வேலையற்றோர் மீண்டும் குற்றம் புரியும் விகிதம், வேலை உள்ளோரைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு என்று அந்நாட்டு அரசு கண்டிருக்கிறது. உணவும் உழைப்பும் ஒழுக்கத்தோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையவை என்பதை இதனால் உணரலாம்.

மாணவர்களின் பங்கும் இதில் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பெற்றோரை இழந்த சிறுவர் பலர் ரயில் நிலையங்களில் படுத்துறங்கி, பசிக்குத் திருடி வாழ்ந்தனர். 1947-ஆம் ஆண்டில் கியோத்தோ நகரத்துக் கல்லூரி மாணவர்கள், அத்தகைய சிறுவர்களுக்கு அண்ணனாகவும் அக்காளாகவும் இருப்போம் என்று ஓர் இயக்கம் தொடங்கினர். உடன் விளையாடுவது, பாடம் சொல்லிக் கொடுப்பது, அவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது, இவையே அவர்கள் செய்த தொண்டு. அவ்வியக்கம் நாடெங்கும் பரவி இன்றும் நிலைத்துள்ளது.

இதனால் ஜப்பானில் குறை ஏதும் இல்லை என்று எண்ணிவிடலாகாது. 2020-ஆம் ஆண்டில் குற்றங்களுக்காகப் பிடிபட்டோருள் 49.1 விழுக்காட்டினர் முன்பே பிடிபட்டவர்கள். முதன்முறை குற்றம் புரிவோர் தொகை விரைந்து குறைந்ததுபோல், பழங்குற்றவாளிகளின் தொகை குறையவில்லை. காப்பாளர்களுள் பலர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களுக்குப் பின் வருவோர் குறைந்துவருகின்றனர். 2024-ஆம் ஆண்டு மே மாதம், ஓத்ஸு நகரில் காப்பாளர் ஒருவர் தம் வீட்டில் கொலையுண்டு கிடந்தார். அவருடைய பொறுப்பில் இருந்தவனே கைது செய்யப்பட்டான். நம்பிக்கைக்கு விலை உண்டு. அவ்விலையைத் தனி மனிதர் தலையில் மட்டும் சுமத்துவது முறையாகாது. பொது இடங்களில் சந்திப்பு, இருவர் சேர்ந்து பணியாற்றுதல் முதலிய பாதுகாப்புகளை அரசே செய்து தரவேண்டும்.

நம் நாட்டிலும் சட்டங்கள் உண்டு. சென்னை மாகாணம் 1936-ஆம் ஆண்டிலேயே நன்னடத்தைச் சட்டம் இயற்றியது. 1958-இல் நாடு முழுமைக்குமான சட்டம் பிறந்தது. இளஞ்சிறார் செய்த குற்றம் பிற்கால வாழ்வில் அவர்களுக்குத் தகுதிக்குறைவாகக் கொள்ளப்படலாகாது என்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொதுவிதி. பதினாறு வயது நிறைந்து கொடுங்குற்றம் புரிந்து, வயது வந்தோராக விசாரிக்கப்பட்டோருக்கு மட்டும் இது பொருந்தாது.

ஆயினும், சட்டம் சான்றிதழிலுள்ள கறையை நீக்கலாமேயன்றி, அண்டை வீட்டார் வாயை மூடிவிடாது. திருந்திய சிறுவன் ஒருவன் வகுப்பிற்குத் திரும்பினால், அவன் அருகில் அமர்வதா, ஒதுங்கி அமர்வதா என்பதை எந்த நீதிபதியும் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பவர்கள் அவ்வகுப்பு மாணவர்களே. அவர்கள் விலகிக் கொடுக்கும் இடத்தில் அவன் அமர்ந்துவிட்டால், சிறைவாயில் அவனுக்கு இன்னொரு முறை திறவாமலிருக்க வழி பிறக்கும்.