பழைய கணினிக்குப் புதிய மூளை வேண்டுமா?

கல்வி கற்கும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இன்று அடிக்கடி எழுகின்ற வினா ஒன்றுண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கிய மேசைக்கணினி இன்னும் வீட்டில் இருக்கின்றது. அது பழுதடைந்து விட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அதனை இயக்கிவிட்டுப் பிள்ளை தேநீர் அருந்தி வந்து அமர்ந்த பின்னரும் அது ஆயத்தமாவதில்லை. புதிய கணினி வாங்குவதற்கோ குடும்ப வருவாய் இடந்தருவதில்லை. இந்நிலையில், அதன் மூளையை மட்டும் மாற்றிவிட்டால் என்ன என்னும் எண்ணம் எவருக்கும் தோன்றுவது இயல்பே.

மூளை என்று இங்கே சொல்லப்படுவது, பாடநூல்கள் மையச் செயன்முறை அலகு என்று கூறுவதும் கடைக்காரர் புரொசெசர் என்று அழைப்பதுமாகிய சிறிய சதுர உறுப்பு. சுருக்கங் கருதிச் செயலி என்போம். ஆசிரியர்களாகிய நாம் முதற் பாடத்திலேயே செயலியை மூளைக்கு ஒப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கின்றோம். உவமை பிழையன்று, ஆனால் அது பணப்பைக்கு ஆகாத உவமை. மூளை கூர்மையானால் மனிதன் முழுவதும் கூர்மையாவான் என்று எண்ணுவது போலச் செயலி விரைவானாற் கணினி முழுவதும் விரைவாகும் என்று நம்பிவிடுகின்றோம்.

கல்யாண வீட்டுச் சமையற் கொட்டிலை உவமையாகக் கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து. கைதேர்ந்த சமையற்காரர் ஒருவர் அடுப்பின் முன்னே நிற்கின்றார். காய்கறியும் அரிசியும் வளவின் மறுகோடியிலுள்ள களஞ்சிய அறையில் இருக்கின்றன. எடுத்துவரச் சென்ற பையன் ஆடியசைந்து வருகின்றான். சமையற்காரரை நிறுத்திவிட்டு, அவரினும் இருமடங்கு விரைவாகக் கைவேலை செய்யும் ஒருவரை அழைத்து வந்தாற் பந்தி நேரத்துக்கு நடக்குமா? புதியவரும் கையைக் கட்டிக்கொண்டு பையன் வரும் வழியைப் பார்த்து நிற்பார்.

பழைய கணினியிற் களஞ்சிய அறையாக இருப்பது ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டு. அதனுள்ளே தட்டுக்கள் உண்மையாகவே சுழல்கின்றன. மேசைக்கணினிகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது செக்கனுக்கு 120 முறை சுழலும். வேண்டிய தரவு வாசிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரி அரைச் சுற்று, ஏறக்குறைய 4 மில்லிசெக்கன் ஆகும். முனை உரிய தடத்துக்கு நகரும் நேரத்தையுஞ் சேர்த்தால் 12 மில்லிசெக்கன் என்று கொள்ளலாம். கண்ணிமைக்கும் நேரத்திலுங் குறைவன்றோ என்று வாசகர் கேட்பர். ஆனால் 3 கிகாஹேட்ஸ் வேகமுடைய செயலி ஒரு செக்கனில் 300 கோடி முறை துடிக்கின்றது. அந்த 12 மில்லிசெக்கனில் அது 3 கோடியே 60 இலட்சம் துடிப்புக்களை வாளாவிருந்து கழிக்கின்றது. கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்கள் தட்டின் பல மூலைகளிலிருந்தும் இவ்வாறு ஒவ்வொன்றாக எடுத்து வரப்பட வேண்டும். சுழலும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகமோ இதே வேலையை 0.1 மில்லிசெக்கன் அளவில் முடித்துவிடும்.

இவ்வுண்மையைக் கணக்காக வகுத்துக் காட்டியவர் ஜீன் அம்தால் என்னும் அமெரிக்கர். ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் அறிமுகஞ் செய்த சிஸ்ரம் 360 என்னும் கணினிக் குடும்பத்தின் தலைமை வடிவமைப்பாளராக விளங்கியவர் அவர். 1967இல் அவர் முன்வைத்த கருத்துப் பின்னர் அம்தாலின் விதி என்று பெயர் பெற்றது. பல செயலிகளை ஒருங்கே இயக்குவதைப் பற்றியே அவர் அன்று பேசினாரெனினும், அக்கணக்கு எவ்வகை மேம்பாட்டுக்கும் பொருந்தும். வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால், ஏனைய பகுதிக்குச் செல்லும் நேரம் அப்படியே எஞ்சி நிற்கும். மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். ஒரு மென்பொருள் திறப்பதற்கு 60 செக்கன் ஆகின்றது என்றும், அதில் 45 செக்கன் வன்தட்டுக்காகக் காத்திருத்தல், 15 செக்கன் செயலியின் வேலை என்றும் வைத்துக்கொள்வோம். செயலியை இருமடங்கு விரைவுடையதாக மாற்றினால் 52½ செக்கன் ஆகும். செயலியைத் தொடாமற் சேமிப்பகத்தைப் பத்து மடங்கு விரைவாக்கினால் 19½ செக்கன் ஆகும். தேவலோகத்திலிருந்தே ஒரு செயலியைத் தருவித்துப் பொருத்தினாலும் முதல் வழியில் 45 செக்கனுக்குக் கீழே இறங்க முடியாது.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தையார் என்னிடம் வந்தார். “மாஸ்ரர், மூளையை மாற்றினாற் காணும் என்கிறார்கள். சீட்டுக் காசும் கையிலிருக்கிறது. மாற்றி விடட்டுமா?” என்று கேட்டார். வீட்டிலிருந்தது 2011இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ3-2100 செயலியும், 4 கிகாபைற் நினைவகமும், 500 கிகாபைற் வன்தட்டும் கொண்ட கணினி. 2012இல் வெளிவந்த கோர் ஐ7-3770 செயலியைப் பாவித்த நிலையில் வாங்கிப் பொருத்தலாம் என்று ஒருவர் ஆலோசனை கூறியிருந்தார். அவர் சொன்னது பொய்யன்று. அந்தத் தாய்ப்பலகை அச்செயலியை ஏற்கக்கூடியதே. ஆனால் மாணவன் அந்தக் கணினியிற் செய்வது யாது? பைதன் மொழியிற் சிறு செய்நிரல்கள் எழுதுகின்றான். குறிப்புக்களைத் தட்டச்சுச் செய்கின்றான். இணையவழி வகுப்புக்களைப் பார்க்கின்றான்.

கணினி உறுப்புக்கள் நமக்கு இறக்குமதிப் பொருள்கள் என்பதை மறத்தலாகாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயமாற்று வீதம் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. அதன் பின்னர் ஒரு குடும்பம் தவறான உறுப்பை வாங்கிவிட்டால், சரியானதை வாங்குவதற்கு அடுத்த சீட்டு முடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான், பரீட்சையோ காத்திராது.

ஆதலாற் பணத்தை எடுக்குமுன் கணினியையே கேட்டுப் பார்ப்பது நன்று. விண்டோஸ் இயங்கும் கணினியிற் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மனேஜர் தோன்றும். அதிற் பெர்போமன்ஸ் என்னும் பகுதியிற் செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவை எத்தனை சதவீதம் உழைக்கின்றன என்பதைக் காணலாம். பிள்ளை வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யவிட்டுக் கணினி திணறும் வேளையில் நோக்குக. அம்மாணவனின் கணினியில் வன்தட்டு 100 சதவீதத்தில் முட்டி நின்றது. நினைவகம் 90ஐத் தாண்டியது. செயலி 20 சதவீதத்தைச் சுற்றி உலாவிக் கொண்டிருந்தது. நினைவகம் நிரம்பும்போது மிகுதியை வன்தட்டிலேயே எழுதி வைப்பது கணினியின் வழக்கம். ஆகவே நினைவகக் குறையும் வன்தட்டின் சுமையாகவே வெளிப்படும்.

ஓர் எச்சரிக்கை. ஐ3-2100 செயலி நான்கு செயலிகள் போலத் தோற்றமளிப்பதால், ஒரே இழையில் ஓடும் மென்பொருள் அதனை முழுவதும் உழைக்கச் செய்தாலும் மொத்தக் கணக்கு 25 சதவீதமே காட்டும். எனவே 25இல் அசையாது நிற்கும் செயலியைச் சும்மா இருப்பதாக எண்ணற்க.

கணினியின் பக்கத் தகட்டைத் திறந்து புழுதியைத் துடைத்தலும் இச்சோதனைக்கு முன்னரே செய்யத்தக்கது. பல ஆண்டுப் புழுதி படிந்த மின்விசிறியின் கீழ், வெப்பப்பசை காய்ந்து போன நிலையில் இருக்கும் செயலி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். ஒரு பழைய வர்ணத் தூரிகையும் சிறு குழாய் வெப்பப்பசையும் தீர்க்கக்கூடிய நோய்க்குப் புதிய செயலி வாங்கியவர்களும் உளர்.

இனி, செயலியை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர் எதிர்ப்படுஞ் சங்கிலியைப் பார்ப்போம். எச்செயலியும் எத்தாய்ப்பலகையிலும் அமர்வதில்லை. இன்டெல் நிறுவனம் 2011இல் எல்.ஜி.ஏ. 1155 என்னும் பொருத்துவாயையும், 2013இல் 1150ஐயும், 2015இல் 1151ஐயும் கொணர்ந்தது. 2017இல் எட்டாந் தலைமுறைச் செயலிகள் வந்தபோது அதே 1151 என்னும் எண்ணையே வைத்துக்கொண்டு, முந்திய பலகைகளில் அவை இயங்காதவாறு செய்தது. எண்ணைப் பார்த்து வாங்கியவர் என் செய்வார்? புதிய செயலி வேண்டுமெனிற் புதிய தாய்ப்பலகை வேண்டும், அப்பலகை டி.டி.ஆர். 4 நினைவகத்தைக் கேட்டால், வீட்டிலுள்ள டி.டி.ஆர். 3 அதிற் செல்லாது. பழைய மின்வழங்கியை நம்பலாமா என்ற ஐயமும் பின்தொடரும். சுண்டைக்காய் காற் பணம், சுமைகூலி முக்காற் பணம் என்று நம் மூதாட்டியர் சொன்னது இதற்கே சொன்னது போலும். மடிக்கணினி வைத்திருப்போருக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. கடந்த பத்தாண்டுகளில் வந்தவற்றுட் பெரும்பாலானவற்றிற் செயலி பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருப்பதால் அதனை மாற்றும் பேச்சே எழாது.

பெயரைக் கண்டு மயங்குதலும் உண்டு. “ஐ7 கணினி” என்று மட்டும் எழுதி வைத்து விற்பார்கள். எத்தனையாந் தலைமுறை என்று கேட்டாற்றான் சொல்வார்கள். பெயரின் பின்வரும் எண்ணே முதன்மையானது. 3770இல் முதலிலுள்ள 3 மூன்றாந் தலைமுறையையும், 8100இல் முதலிலுள்ள 8 எட்டாந் தலைமுறையையும், 12400இல் முதலிலுள்ள 12 பன்னிரண்டாந் தலைமுறையையும் குறிக்கும். 2017இல் வெளிவந்த ஐ3-8100க்கு நான்கு கருக்கள் உண்டு. 2012இன் ஐ7-3770க்கும் நான்கே. அன்றாட வேலைகளுக்குத் தம்பியாகிய ஐ3 போதும்; விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியும் அதற்கே உண்டு.

இவ்விண்டோஸ் விவகாரம் பலரது கணக்கை மாற்றிவிட்டது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு, சில விலக்குகள் நீங்கலாக, இன்டெலின் எட்டாந் தலைமுறையோ ஏ.எம்.டி.யின் ரைசன் 2000 வரிசையோ அவற்றுக்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். அத்தந்தையார் ஐ7-3770 வாங்கியிருந்தாற் செலவழித்த பின்னரும் அவ்வாயிலிலேயே தடுக்கப்பட்டிருப்பார்.

அவர் வாங்கியது 240 கிகாபைற் எஸ்.எஸ்.டி. ஒன்றும், பாவித்த 4 கிகாபைற் டி.டி.ஆர். 3 நினைவகம் ஒன்றுமே. அப்பலகையின் இணைப்பு முனை புதிய பலகைகளினுடையதிற் பாதி வேகமே உடையது. ஆயினும் காத்திருக்கும் நேரம் ஒழிந்தமையால் அக்குறை புலப்படவில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்னும் பணிசெயல் முறைமையை மகனே நிறுவினான். லிப்ரே ஒபிஸும் பைதனும் அதனோடு கூடவே வந்தன. கணினி இப்போது ஒரு நிமிடத்துக்குள் ஆயத்தமாகின்றது. நாளை வேறு கணினி வாங்கினால் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அதிற் பொருத்திக்கொள்ளலாம். பழைய நினைவகமோ உடன்வராது. அதனாலேயே அதனைப் பாவித்ததாக வாங்கச் சொன்னேன். சீட்டுக் காசின் பெரும்பகுதி தாயாரின் கைக்கே திரும்பிற்று.

இவ்வளவுஞ் சொன்னதாற் செயலியை மாற்றவே கூடாது என்று கொள்ளற்க. காணொளி தொகுப்பவர்க்கும், முப்பரிமாண வரைபடம் வரையும் மாணவர்க்கும் செயலியே நாள் முழுவதும் 100 சதவீதம் உழைப்பதுண்டு. இரண்டு கருவுடைய ஐ3-2100ஐ நான்கு கருவுடைய ஐ7 ஆக மாற்றினால், பங்கிட்டுச் செய்யத்தக்க அத்தகைய வேலை பாதி நேரத்திலோ அதிலுங் குறைவாகவோ முடியும். இதனினுஞ் சிறந்த வாய்ப்பு ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 பலகை வைத்திருப்போருக்கு உண்டு. 2017இல் முதலாம் ரைசனுடன் வாங்கிய பலகைகளிற் பல, பயொஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தபின், 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600ஐ ஏற்கின்றன. பலகையும் நினைவகமும் அப்படியே இருக்க, விரைவும் விண்டோஸ் 11க்கான தகுதியும் ஒருங்கே கிடைக்கின்றன. இத்தகைய இடத்திற் செலவழிப்பது வீண்செலவன்று. ஆனால் மாற்றுச் செலவு முழுவதும், எட்டாந் தலைமுறைப் பாவித்த கணினி ஒன்றின் விலையில் மூன்றிலொரு பங்கை மீறுமாயின், யானாயின் அக்கணினியையே வாங்குவேன்.

மாற்றுவோர் கவனிக்க வேண்டியவை சில உள. தாய்ப்பலகை உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் அப்பலகை ஏற்கும் செயலிகளின் பட்டியல் இருக்கும். அதிற் காணாத செயலியை வாங்கற்க. பழைய செயலி பொருத்தியிருக்கும்போதே பயொஸைப் புதுப்பிக்க வேண்டும். இடையில் மின்சாரம் தடைப்பட்டாற் பலகை செயலிழந்து போகக்கூடுமாதலால், யூ.பி.எஸ். இன்றி அதனைத் தொடங்கலாகாது. இன்டெல் எல்.ஜி.ஏ. பலகைகளில் மெல்லிய ஊசிகள் பலகையிலும், ஏ.எம். 4இற் செயலியின் அடியிலும் இருக்கும், ஏ.எம். 4இல் வெப்பப்பசை இறுகியிருந்தால் விசிறியை இழுக்கும்போது செயலியுங் கூடவே பிடுங்கி வந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, மின்னிணைப்பை நீக்கி, விசிறியை மெல்லத் திருகி எடுத்தல் வேண்டும். புதியது ஒரு வாரமாவது ஒழுங்காக ஓடும் வரை பழைய செயலியை விற்றுவிடாது கடதாசிப் பெட்டி ஒன்றில் வைத்திருக்க.