முதுகுக் கொழுப்பைத் தீர்மானிக்கும் ஓர் எழுத்து

கறிக்காக வளர்க்கும் பன்றியின் தரத்தை அதன் முதுகுக் கொழுப்பை வைத்துக் கணிப்பார்கள். கடைசி விலா எலும்புக்கு நேர்மேலே, முதுகின் நடுக்கோட்டிலிருந்து ஆறரை சென்டிமீட்டர் தள்ளி அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால், உயிருள்ள பன்றியிலேயே கொழுப்பின் கனம் தெரிந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு வைக்கப் பன்றிக்கு ஆகும் தீவனம், ஒரு கிலோ சதை வைக்க ஆவதைவிட மிக அதிகம். அதனால் கொழுப்பு ஏறிய பன்றி, பண்ணைக்காரருக்கு இரட்டை நஷ்டம்.

ஆனால் இப்படி அளக்க, பன்றி ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். மரபணு அடையாளத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. குட்டிக்குக் காதில் தோடு மாட்டும்போது வெட்டுப்படும் துளித் தோல் போதும். பன்றிக்குப் பன்றி மாறும் ஒரு டிஎன்ஏ எழுத்தைத்தான் அடையாளம் என்கிறோம். சில சமயம் அந்த எழுத்தே காரணமாக இருக்கும்; பெரும்பாலும் காரணமான எழுத்துக்குப் பக்கத்தில் இருந்து, அதோடு சேர்ந்தே குட்டிக்கு இறங்கும்.

காரணமான எழுத்தே அகப்பட்டது ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில். சுவீடனின் உப்சாலாவில் காட்டுப்பன்றியையும் லார்ஜ் ஒயிட் இனத்தையும் கலந்தார்கள். பெல்ஜியத்தின் லீயேஜில் பியெத்ரான் இனத்தையும் லார்ஜ் ஒயிட்டையும் கலந்தார்கள். 1999இல் இரு குழுக்களும் இரண்டாம் குரோமோசோமில் ஒரே இடத்தைச் சுட்டின. 2003இல் உப்சாலாவின் லீஃப் ஆண்டர்சன், லீயேஜின் மிஷெல் ஜார்ஜஸ் குழுக்கள் சேர்ந்து எழுத்தையே பிடித்தன: ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. பழைய ஜி இருந்தால் ஒரு புரதம் அங்கே வந்து ஒட்டி, மரபணுவுக்கு பிரேக் போடுகிறது. ஏ இருந்தால் அது ஒட்டாது. பிறந்த பிறகு தசையில் மரபணுவின் வேலை மூன்று மடங்காகிறது. சதை கூடுகிறது, முதுகுக் கொழுப்பு குறைகிறது.

வேடிக்கை இனிமேல்தான். இந்த மரபணுவில் தகப்பன் கொடுத்த பிரதிதான் தசையில் பேசும். தாய் கொடுத்தது வாய் திறக்காது. தாயிடமிருந்து மட்டும் ஏ பெற்ற ஓர் ஆண்பன்றியை எடுத்துக்கொள்ளுங்கள். அல்ட்ராசவுண்டில் அது கொழுத்ததாகவே தெரியும். வழக்கமான கணக்குப்படி கழித்துவிடுவார்கள். ஆனால் அதன் குட்டிகளில் பாதிக்கு அந்த ஏ போகும், இம்முறை தகப்பன் வழியாக. அவை மெலிந்த கறி தரும். எந்த அளவுகோலுக்கும் பிடிபடாத இந்த விஷயத்தைக் காட்டுவதால்தான் அடையாளத்துக்கு மதிப்பு.

இன்னொரு லாபமும் உண்டு. பால் கொடுக்கும் தாய்ப்பன்றிக்கு உடம்பில் கொழுப்புக் கையிருப்பு வேண்டும். ஆகவே தாய் வரிசையில் ஜியை வைத்துக்கொண்டு, இரண்டு ஏ உள்ள ஆணைச் சேர்த்தால் போதும்: தாய்க்குக் கொழுப்பு மிஞ்சும், குட்டிகள் அத்தனையும் மெலிந்து வளரும்.

எல்லா எழுத்து மாற்றமும் இப்படி நல்லதை மட்டும் தருவதில்லை. மெலிந்த பன்றியையே தேடிப் பொறுக்கியதில் பியெத்ரான் இனத்திலும் சில லாண்ட்ரேஸ் வரிசைகளிலும் ஒரு மரபணுப் பழுது பெருகியது. பழுது இரட்டையாக உள்ள பன்றி லாரியில் ஏற்றும்போதே பதறிச் செத்துவிழும்; அறுத்தால் கறி வெளிறி, தளர்ந்து, நீர் வடியும். அதைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் குட்டிகளின் மூக்கில் முகமூடி வைத்து ஹாலோதேன் மயக்க வாயுவைச் செலுத்துவார்கள். பழுது இரட்டையாக இருந்தால் கால்கள் விறைத்துக்கொள்ளும். ஒற்றைப் பிரதி உள்ளவை பெரும்பாலும் தப்பிவிடும். 1991இல் ஆர்ஒய்ஆர்1 மரபணுவில் அந்தப் பழுதுக்குக் காரணமான எழுத்து அகப்பட்ட பின்தான் அவற்றையும் பிரித்தெடுக்க முடிந்தது. பண்ணைகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்த பேருதவி இதுதான் என்பேன்.

பசியைக் கட்டுப்படுத்தும் எம்சி4ஆர் மரபணு வேறு ரகம். 2000இல் வெளியான ஆய்வின்படி, அதன் ஒரு வடிவம் உள்ள பன்றி அதிகம் தின்று, சீக்கிரம் வளர்ந்து, கொழுப்பும் வைக்கிறது. எது நல்லது என்பதைச் சந்தைதான் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான குணங்கள் இப்படி ஒற்றை மரபணுவில் அடங்குவதில்லை. நூற்றுக்கணக்கானவை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுகின்றன. அதனால் 2009இல் வந்த சிப் ஒன்று, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை ஒரே தடவையில் படிக்கிறது; அத்தனையையும் கூட்டிக் குட்டிக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண் சரிதானா என்று பார்க்க, அளந்து குறித்த பன்றிகளின் பதிவேடு வேண்டும். பதிவேடு வைக்காத பண்ணை மரபணுப் பரிசோதனைக்குச் செலவழிப்பதற்கு முன், ஓர் எடைத்தராசும் நோட்டும் வாங்குவது மேல்.