உறங்கும் கண்ணும் கண் நீர் அழுத்த நோயும்

நம் ஜவ்வாது மலையில் இரவு என்றதும் காவலூர் வானாய்வகம் நினைவுக்கு வரும். ஊர் உறங்கும் வேளையில் அங்குள்ள தொலைநோக்கிகள் விழித்திருக்கின்றன. நம் கண்களோ மூடியிருக்கின்றன. ஆயினும் மூடிய கண்ணுக்குள்ளும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் இடைவிடாது சுரந்து, நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகிறது. வடிகால் சரிவர இயங்காவிடில் கண்ணின் அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலிகிறது. இதனையே கிளாக்கோமா அல்லது கண் நீர் அழுத்த நோய் என்கிறோம். அழுத்தம் மிகாமலேயே சிலருக்கு இந்நோய் வருவதும் உண்டு. பெரும்பாலும் வலி இராது. ஓரப் பார்வை முதலில் குறையும். இழந்த பார்வை திரும்ப வராது.

இதற்கும் உறக்கத்திற்கும் என்ன தொடர்பு? நாம் படுத்தவுடன் கண்ணின் அழுத்தம் சற்று உயர்கிறது. இரத்த அழுத்தமோ உறக்கத்தில் தாழ்கிறது. நலமான கண் இதைத் தாங்கிக்கொள்ளும். நலிந்த நரம்புக்குப் போதிய இரத்தம் கிட்டாமல் போகலாம். மேலும், பலமாகக் குறட்டை விடுவோரில் சிலருக்குத் தொண்டை அடைபட்டு, 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று நின்று வரும். அப்போது இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. இதுவும் நரம்பை வாட்டக்கூடும்.

பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2022இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. குறட்டை, பகல் தூக்கம், தூக்கமின்மை ஆகியவை உள்ளோரிடமும், அளவுக்குக் குறைவாகவோ மிகையாகவோ உறங்குவோரிடமும் இந்நோய் சற்று அதிகமாகக் காணப்பட்டது. ஆனால் உறக்கக்கேடே நோய்க்குக் காரணம் என்று இதனால் முடிவுகட்ட இயலாது. நோயே உறக்கத்தைக் கெடுத்திருக்கவும் கூடும்.

நம் மாநிலச் செய்தி ஒன்றும் சிந்திக்கத் தக்கது. சென்னை கிளாக்கோமா ஆய்வுக் குழுவினர் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 3,924 பேரைப் பரிசோதித்தனர். 64 பேருக்கு இந்நோயின் பொதுவான வகை இருந்தது. அவர்களுள் முன்னரே அதை அறிந்திருந்தவர் ஒருவரே!

தாத்தாவின் குறட்டையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். பாட்டி வாசற்படியில் இடறினால், வயதாகிவிட்டது என்கிறோம். தோழியரே, இனி அவ்வாறு விட்டுவிடலாகாது. குறட்டையினிடையே மூச்சு நின்றால் மருத்துவரிடம் கூறச் செய்வோம். 40 வயதைக் கடந்தோரை, குறிப்பாகக் குடும்பத்தில் இந்நோய் உள்ளோரை, கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். சொட்டு மருந்தை அவர்கள் ஒருவேளையும் தவறாமல் இட நினைவூட்டுவோம்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? பார்வை உள்ளபோதே காத்திடுவோம்.