உப்பு பாக்கெட்டில் ஒரு கணக்குப் பாடம்



"எம் பிள்ளைக்குக் கணக்கே வரலைங்க" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறீர்கள். சந்தா, வட்டி, தவணை எல்லாம் நமக்கு வருகிறதே, எப்படி? அது நம்ம காசு. பிள்ளைங்களுக்கும் சொந்தக் கணக்கு ஒன்று கொடுத்துப் பாருங்கள். வீட்டு உப்பே போதும்.

பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுமார் ஒரு டீஸ்பூன்தான். கூடினால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் இருதயம், மூளை, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஆபத்து.

புது பாக்கெட் பிரிக்கிற அன்று அதன் மேல் பிள்ளையைத் தேதி எழுதச் சொல்லுங்கள். மீன் கழுவுகிற உப்பைத் தனி டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பிப் போகும். தீர்ந்த தேதியையும் பிள்ளை குறிக்கட்டும். வீட்டில் 5 பேர் என்றால் நாளைக்கு 25 கிராம். அப்படியானால் 1 கிலோ, அதாவது 1000 கிராம், 40 நாளாவது வரணும். 25 நாளிலேயே தீர்ந்துவிட்டதா? 1000-ஐ 25-ஆல் வகுத்தால் நாளைக்கு 40 கிராம். அதை 5 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 8 கிராம். வகுத்தலும் சராசரியும் இதிலேயே வந்துவிட்டது. "தம்பிக்கும் தாத்தாவுக்கும் ஒரே பங்காம்மா?" என்று பிள்ளை கேட்டால் சந்தோஷப்படுங்கள், நல்ல கேள்வி. சின்னப் பிள்ளைக்கு 5 கிராமும் அதிகம்தான்.

இதில் கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர் சேரவில்லை. நம்ம கடலூர் பக்கம் கருவாடு வாங்காத வீடு எத்தனை? ஆக, நிஜ அளவு இன்னும் கூடும். உப்பைக் குறைக்கிறோம் என்று அயோடின் இல்லாத உப்புக்கு மட்டும் மாறிடாதீங்க.

அடுத்தது சர்க்கரை. நெல்லிக்குப்பம் 1842-லேயே சர்க்கரை ஆலை பார்த்த ஊராச்சே! கூல்டிரிங்ஸ் பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் 100 மி.லி.க்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று இருக்கும். 10 கிராம் என்றால் 250 மி.லி.க்கு 25 கிராம். அதை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து டம்ளரில் கொட்டிக் காட்டுங்கள். சொல்வதைவிடப் பார்த்தால்தான் பிள்ளைக்கு உறைக்கும். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நமக்கு ஒரு சார்ட் பேப்பர் போதும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வாங்குகிற வீடுகளில் இந்தக் கணக்கு முதலில் நடக்கட்டும். ஆனால் உப்பைக் குறைத்துவிட்டோம் என்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தேதி எழுதிய காலி பாக்கெட்டையும் பிள்ளையின் நோட்டையும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.